அருகிலுள்ள சாலைக்குச் செல்லவும்

டார்னீட் தாண்டி இடப்பக்கம் திரும்பியதும்
திரையில் தார் முடிந்துவிடும்.
வெளிர்ப்பச்சைப் பரப்பில் அம்புக்குறி மட்டும்
மோரில் தனித்துவிட்ட கடுகுபோல்
மெல்ல மிதந்து போகும்.

எங்கள் தெருவுக்கு ஸ்பூன்பில் என்று பெயர்.
கரண்டி மூக்குப் பறவையாம், நான் பார்த்ததில்லை.
நாற்பத்தியொரு வீடு, ஒரு குழந்தைகள் காப்பகம்,
நான்கு வேகத்தடை, இரண்டு திருட்டு.
காருக்கு இதெல்லாம் இன்னும் புல்.

கிரெக் என்பவரிடம் வாங்கிய கார்.
அதன் வரைபடம் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நின்றுவிட்டது.
அதற்குப் பிறகு யாரும் எங்கும் குடிவரவில்லை என்று
மனதார நம்புகிறது.

ஹாப்பர்ஸ் கிராஸிங்கில் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுப்
பாலம் போட்டுவிட்டார்கள்.
பாலத்தின் மேல் போகையில் மணியடித்து எச்சரிக்கும்:
முன்னால் கேட்.
ரயில் கீழே போகும்.
தினமும் ஒருமுறை
என் கால் தானாகப் பிரேக்கைத் தொடும்.

டீலரிடம் போனேன்.
சட்டையில் ப்ரோடி என்று எழுதியிருந்த பையன்
நானூற்று இருபத்தொன்பது டாலர் என்றான்.
ஏற்றுவதற்கு ஒரு மணி நேரக் கூலி தனி.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல்
சிரித்துவைத்தேன்.
புதியதில் ஸ்பூன்பில் இருக்குமா?
தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
புதியதே இரண்டு வருடம் பழசாம்.
உங்கள் ஏரியா ரொம்ப வேகமாக வளர்கிறது என்றான்,
ஏதோ நான் செய்த தப்புபோல.

போன்தான் இருக்கிறதே, என்பார் இளஞ்சேரன்.
இருக்கிறது.
அது வலது என்கும், இது இடது என்கும்,
நடுவில் ஸ்டியரிங்கோடு நான்.
தவிர, இவ்வளவு பெரிய திரை சும்மா கிடக்க
ஏசி துளையில் போனைச் சொருகிக்கொண்டு ஓட்டுவது
வீட்டில் சமைத்துவைத்துவிட்டு
ஹோட்டலுக்குப் போவது.

ஜூலையில் ஓர் இரவு.
முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் முடிகையில்
பதினொன்றே முக்கால். போன் செத்துவிட்டது.
ஃப்ரீவேயில் வேலை நடக்கிறதென்று
ஆரஞ்சுக் கூம்புகள் எங்கோ வெளியே தள்ளின.
மழை. எல்லாத் தெருவும் ஒரே தெரு.
திரையில் வீடு என்றொரு பொத்தான் உண்டு.
மூன்று வருடத்தில் அதை நான் தொட்டதில்லை.
தொட்டேன்.

அதற்கு உயிர் வந்துவிட்டது.
இடது, ரவுண்டபவுட்டில் இரண்டாவது, உடனே வலது.
கடைசி டிரிப் அடிக்கும் பஸ் டிரைவரின் அவசரம்.
இத்தனை நிச்சயமாக அது என்னிடம் பேசியதே இல்லை.
வந்து சேர்ந்துவிட்டீர்கள், என்றது.

ஆல்டோனாவில் ஒரு கம்பிவேலி.
உள்ளே சேறு, நீர் தேங்கிய பள்ளம், தற்காலிகக் கழிப்பறை.
இரண்டு டவுன்ஹவுஸ் வரப்போவதாகப் பலகை,
ஒன்று விற்றாகிவிட்டது.
தபால்பெட்டியை மட்டும் இடிக்கவில்லை. எண் முப்பத்தியாறு.
கொஞ்ச நேரம்
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில், எங்கள் வாசலில் நிறுத்தி
கிரெக்கின் வீட்டை அழித்தேன்.
இந்த இடத்தை வீடாகச் சேமிக்கவா?
ஆம்.
தெருப் பெயர் கிடைக்கவில்லை.
தெரியும்.
பிறகு தானாகவே எழுதிக்கொண்டது:
தெற்கு முப்பத்தியேழு புள்ளி எட்டு,
கிழக்கு நூற்று நாற்பத்து நான்கு புள்ளி ஆறு,
அப்புறமும் சில இலக்கங்கள்.

இப்போது டார்னீட் வரை ஒழுங்காகக் கூட்டிவருகிறது.
தார் தீர்ந்ததும் வழக்கம்போல
அருகிலுள்ள சாலைக்குச் செல்லவும் என்கிறது.
ஆனால் புல்லின் குறுக்கே,
காப்பகத்தையும் மூன்று பக்கத்து வீடுகளையும் ஊடுருவி,
எங்கள் சமையலறை வரை
ஒரு புள்ளிக்கோடும் போட்டுவைக்கிறது.

நேற்று ப்ரோடியின் குறுஞ்செய்தி:
இருபது சதவீதம் தள்ளுபடி, ஞாயிறு வரை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கேஸ் பில்லும் ஞாயிறுதான் கடைசி.